பாலே கலவை நிகழ்ச்சி: எங்கே உட்கார வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும்

ஒரே மாலையில் மரபு பாலேயும் நவீனப் படைப்புகளும் இருந்தால், முன்வரிசை டிக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். மேடை விளிம்பு பாதங்களை மறைத்துவிடும். பாலேயில் பாதி விஷயம் பாதத்தில்தான் இருக்கிறது. முதல் மாடியின் நடுப்பகுதிதான் சரியான இடம்.

நடன அமைப்பாளர் பெத்திபாவின் 'லா பயதேர்' (1877) பாலேயில் ஆவிகள் ('நிழல்கள்') தோன்றும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடை அணிந்த பெண்கள் சரிவில் ஒவ்வொருவராக இறங்கி, ஒற்றைக் காலில் நிற்கும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி மேடையை நிறைப்பார்கள். அந்தக் கோடுகளின் நேர்த்தி மேலிருந்து பார்த்தால்தான் புரியும். முதலில் இறங்குபவர்தான் அதிக முறை ஒற்றைக் காலில் நிற்கிறார். கடைசியில் எல்லோரும் அசையாமல் நிற்கும்போது அவருடைய கணுக்காலைப் பாருங்கள். அவருடைய பயிற்சி அங்கே தெரியும்.

பைனாகுலர் 3 அல்லது 4 மடங்கு போதும். 8 மடங்கில் கை நடுக்கம் படத்தை ஆட்டும், சுற்றி ஆடுபவர்களும் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

தாமதமாகப் போனால் பெரும்பாலான அரங்குகளில் ஒரு படைப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். நடன அமைப்பாளர் பாலன்சினின் 'செரனேட்' பாலே முதலில் இருந்தால், திரை விலகியதும் 17 பெண்கள் வலக்கை உயர்த்தி நிற்கும் காட்சி போய்விடும். பெரிய இழப்பு அது.

மரபு பாலேயில் தனி ஆட்டம் முடிந்து வணங்கும்போதே கைதட்டலாம். நவீனப் படைப்பில் விளக்கு அணையும்வரை பொறுங்கள். இடையில் வரும் மௌனமும் நடனத்தின் பகுதியாக இருக்கலாம். நவீன நடன அமைப்பாளர் ஃபோர்சைத்தின் படைப்புகள் சிலவற்றில் மின்னணு இசை காதைப் பிளக்கும். குழந்தைகளுக்குக் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள்.