மடக்குக் கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள்

விலை கையைக் கடிக்காத, முரட்டு உழைப்புக்குத் தாங்கும் மடக்குக் கத்தி என்று தேடுகிறவர்கள் கடைசியில் ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் 8-ஆம் நம்பர் கத்தியில் வந்து நிற்கிறார்கள். சரியான தேர்வுதான். 1890-இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய வடிவம், பெரிதாக மாறவில்லை: பீச் மரக் கைப்பிடி, 8.5 செ.மீ. அலகு, திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ள 1955-இல் சேர்ந்த பூட்டு வளையம். வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சாணைச் சக்கரம்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். "செம ஷார்ப்ணா, பேப்பர் அப்படியே போகுது" என்றார். வாங்கிப் பார்த்தால் முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை, கூரை ஒட்டி, மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே இரண்டு அட்டைப்பெட்டியை வெட்டியதும் அந்த இடம் மட்டும் மழுங்கிவிட்டது.

சாணைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிவாளும் அரிவாள்மனையும் தடித்த இரும்பு, சக்கரத்தின் சூட்டைத் தாங்கும். இந்த அலகோ கூர்ப்பக்கம் காகிதம் மாதிரி மெலிந்தது, சூடு போக இடமில்லாமல் நொடியில் ஏறிவிடும். எஃகில் அந்த நீலம் தெரிகிறது என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டது, கூர் நிற்பதற்காக எஃகைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்த கடினப் பதம் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். "தண்ணியில தோய்ச்சுத்தான பிடிச்சாரு?" என்று கேட்பார்கள். நிறம் ஏறிய பிறகு தோய்த்தால் கத்தி ஆறும், பதம் திரும்பாது. நீலம் பிடித்த பகுதி முழுவதையும் கையால் தேய்த்துக் கழித்தால்தான் நல்ல எஃகு வரும், அதற்குள் அலகு பாதியாகிவிடும்.

சக்கரத்துக்குப் பதில், கையால் தேய்க்கும் 1000 கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று போதும். நனைத்து, கத்தியின் முதுகை ஒரு பென்சில் தடிமன் அளவு தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரி. கூரின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள், எங்கே மை அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கம் தேய்க்க, மறுபக்கம் கூரின் நெடுகிலும் பிசிறு, அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு, விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அப்புறம்தான் திருப்ப வேண்டும். பிசிறு வருவதற்கு முன்பே பொறுமை போய்த்தான் பாதிப்பேர் சக்கரத்தைத் தேடி ஓடுகிறார்கள்.

கறுத்துவிட்டதே என்று தேய்ப்பது

கார்பன் ஸ்டீல் வாங்கியிருந்தால் மாங்காய், எலுமிச்சை வெட்டியதும் அலகு சாம்பலும் நீலமுமாக மாறும். மேலே சொன்ன சூட்டு நீலம் வேறு, இது வேறு. இந்தப் படலம் துருவை ஓரளவு தடுக்கிறது, ஸ்க்ரப்பர் போட்டு எடுக்காதீர்கள். செம்மண் நிறத்தில் புள்ளி வந்தால் மட்டும்தான் துரு. வெட்டியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், துடைக்கவும் சோம்பல் என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மழைக்காலத்தில் குறடு போடுவது

மரம் ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். குறட்டால் இழுத்தால் அலகில் தழும்பு விழும், கை வழுக்கினால் விரலும் போகும். பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் தட்டுங்கள். அலகு தானாக எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்கள் செய்வதும் இதைத்தான்.

தண்ணீரில் ஊறப்போடுவது

கூடவே கூடாது.

டப்பா மூடியை நெம்புவது, ஸ்க்ரூ திருப்புவது

முனை முறியும். அதற்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது.

விமானப் பயணம்

கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள், அதுவும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே.