பழைய தூர்தர்ஷன் ஐடென்ட்ட பேப்பரும் போனும் வச்சே செய்றது எப்படி?

கறுப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை வளைவுங்க சுத்திச் சுத்தி வந்து கடைசில ஒரு கண்ணு மாதிரி வந்து நிக்கும், பின்னாடி ஷெனாய் இழுக்கும், ஞாபகம் இருக்குல்ல? அத இன்னைக்கு நாமளே செய்யப் போறோம். பிளெண்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி அனிமேஷன் சாஃப்ட்வேர் எதுவும் தெரிஞ்சிருக்கத் தேவையில்ல, ஒரு போன், ஒரு கறுப்பு சார்ட், ஒரு ராத்திரி போதும்.

ஐடென்ட்னா என்னன்னு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. ஒரு நிகழ்ச்சி முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்கு நடுவுல, இல்லன்னா ஒளிபரப்பு தொடங்குறப்ப, "நாங்க இன்ன சேனல்"னு காட்டிக்கிற சின்ன வீடியோதான் ஐடென்ட். ஓரத்துல எப்பவும் நிக்கிற லோகோ வேற, இது வேற.

செய்றதுக்கு முன்னாடி இத யாரு எப்படி செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் பொறுங்க. தூர்தர்ஷன் 1959 செப்டம்பர் 15 டெல்லில தொடங்குச்சு, ஆனா ரொம்ப வருஷம் ஆல் இந்தியா ரேடியோவுக்குக் கீழதான் இருந்துச்சு, சென்னை நிலையமே 1975 ஆகஸ்ட் 15தான் வந்துச்சு. 1976 ஏப்ரல் 1 ரேடியோகிட்ட இருந்து தனியா பிரிச்சாங்க, அப்பதான் தனக்குன்னு ஒரு அடையாளம் தேவைப்பட்டுச்சு. அகமதாபாத்ல இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல படிச்சுக்கிட்டிருந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யாங்கிற மாணவர் நடுவுல ஒரு வட்டம், அத அணைச்ச மாதிரி ரெண்டு வளைவுன்னு வரைஞ்சு கொடுத்தாரு, அங்க இருந்து போன டிசைன்கள்ல இதத்தான் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தாங்க. அந்த நிறுவனத்துலயே இருந்த ஆர்.எல். மிஸ்திரி அந்த ஓவியத்த காப்பி காப்பியா எடுத்து கேமராவுக்குக் கீழ வச்சு கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்தி ஷூட் பண்ணாரு. அவ்ளோதான் டெக்னிக். இசை பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் வித்வான் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து செஞ்சது.

இத ஏதோ வசதியில்லாத ஊர் வேலைன்னு நினைச்சிடாதீங்க. பிபிசி ஒன்ல 1969ல இருந்து 1985 வரைக்கும் சுத்துன உலக உருண்டை கூட நிஜமாவே ஒரு சின்ன மாடல்தான், பின்னாடி ஒரு குழிக் கண்ணாடி, முன்னாடி ஒரு பிளாக் அண்ட் ஒயிட் கேமரா, கலர எலக்ட்ரானிக்கா மேல ஏத்துவாங்க. கம்ப்யூட்டர்ல செஞ்ச உருண்டை அவங்களுக்கே 1985 பிப்ரவரில தான் வந்துச்சு.

சரி, தூர்தர்ஷனோட எந்தக் காலத்து ஐடென்ட்ட செய்றது? 1982ல ஆகஸ்ட் 15 கலர் வந்துச்சு, அந்த நவம்பர்ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி, அதுக்கப்புறம் கலர் கலரா வந்துச்சு, அப்புறம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்துச்சு, 2017ல தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதி லோகோவ மாத்தறதுக்குன்னு போட்டியே வச்சுப் பார்த்தாங்க, ஆனாலும் கண்ணு போகல. 2024 ஜனவரி 19 நம்ம பொதிகை டிடி தமிழ் ஆச்சு, அதே வருஷம் ஏப்ரல்ல டிடி நியூஸ் லோகோ சிவப்புல இருந்து காவிக்குப் போய், முதலமைச்சர் ஸ்டாலின் வரைக்கும் கண்டனம் சொன்னாங்க. சண்டை எல்லாம் கலர்லதான், உருவம் அதேதான். என்னக் கேட்டா சுத்தி வந்து நிக்கிற அந்த உருவம்தான் ஐடென்ட்டு, மத்ததெல்லாம் அதுக்கு மேல போட்ட சட்டை. அதனால 1976 பிளாக் அண்ட் ஒயிட்டுல இருந்தே தொடங்குங்க, கலர் கடைசில ஒரு கிளிக்குல வந்துடும்.

ஸ்டெப் 1: சாமான் சேக்குறது

ரெண்டு பெரிய கறுப்பு சார்ட் (பளபளன்னு இருக்கிறது வேண்டாம், மேட் ஃபினிஷ் கேட்டு வாங்குங்க), கொஞ்சம் கெட்டியான வெள்ளை அட்டை, ஜாமெட்ரி பாக்ஸ், கத்தரி, குண்டூசி, ஒட்டி எடுக்கிற ப்ளூ டேக், ரெண்டு டேபிள் லேம்ப், அடியில போட ஒரு தெர்மாகோல். போன நேரா கீழ பாக்குற மாதிரி மாட்ட ஒரு ஸ்டாண்ட் வேணும், இல்லன்னா ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல பலகை போட்டு போன பலகை ஓரத்துல கேமரா மட்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சு டேப் அடிச்சுடுங்க, ஆடாம இருந்தா சரி. போன்ல ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ மாதிரி ஏதாவது ஒரு ஆப், கம்ப்யூட்டர்ல வீடியோ எடிட் பண்ண கேடென்லைவ் இல்லன்னா டாவின்சி ரிசால்வ், ரெண்டுமே காசு கேக்காது.

ஸ்டெப் 2: கண்ண வெட்டுறது

பழைய லோகோ படம் ஒண்ண 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு பிரிண்ட் எடுத்துக்கோங்க. நல்லா உத்துப் பாருங்க, மேல இருக்கிற வளைவும் கீழ இருக்கிற வளைவும் ஒரே உருவம்தான், ஒண்ண அப்படியே 180 டிகிரி சுத்துனா இன்னொண்ணு. அதனால ஒண்ண மட்டும் ட்ரேஸ் பண்ணி அட்டைல ரெண்டு தடவை வெட்டுங்க. இங்கதான் நிறைய பேர் சொதப்புவாங்க: சுத்துறதுக்குப் பதிலா அட்டைய புரட்டிப் போட்டுடுவாங்க, புரட்டுனா அது கண்ணாடில தெரியுற பிம்பம் ஆயிடும், ரெண்டு வளைவும் ஒண்ணு கூட ஒண்ணு சேராம முறைச்சுக்கிட்டு நிக்கும். வெட்டுன உடனே ரெண்டுக்கும் பின்பக்கம் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டுடுங்க, அந்தக் குறி மேல தெரிஞ்சா தப்புன்னு அர்த்தம். வட்டத்த காம்பஸ்ல வரைஞ்சு தனியா வெட்டுங்க.

கத்தரி ஓரம் பிசிறு இல்லாம இருக்கணும், வெள்ளையும் கறுப்பும் மட்டும் இருக்கிற படத்துல பிசிறுதான் முதல்ல கண்ணுல படும்.

ஸ்டெப் 3: சுத்துற தட்டு

ஒரு சார்ட்ட தெர்மாகோல் மேல விரிச்சு ஒட்டிடுங்க, இது தரை. இன்னொரு சார்ட்டுல 28 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவுல குண்டூசி குத்தி தரை மேல நிறுத்துங்க, இது தட்டு. குண்டூசி தலை வெளிய தெரியுமேன்னு கவலை வேண்டாம், அதுக்கு மேலதான் வெள்ளை வட்டத்த ஒட்டப் போறோம், மறைஞ்சிடும்.

தட்டு ஓரம் பூரா கோணமானி வச்சு 5 டிகிரிக்கு ஒரு கோடு பென்சில்ல போடுங்க, மொத்தம் 72 கோடு வரும். இந்த அளவு தட்டுல ஓரத்துல 5 டிகிரின்னா கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர், 2 டிகிரின்னா 5 மில்லிமீட்டர், ரெண்டு டிகிரிக்கெல்லாம் கோடு போட வேண்டாம் கண்ணளவு போதும். கறுப்பு சார்ட்ல பென்சில் கோடு சாய்ச்சுப் பார்த்தா மினுமினுன்னு உங்களுக்குத் தெரியும், அப்புறம் கான்ட்ராஸ்ட் ஏத்துனதும் வீடியோல காணாம போயிடும். தரையில ஒரு இடத்துல மட்டும் அம்புக்குறி, அதுக்கு நேரா எந்தக் கோடு வருதுன்னு பாத்துப் பாத்து சுத்தணும்.

ஸ்டெப் 4: லைட்டு, ஃபேன், போன் செட்டிங்

ராத்திரில ஷூட் பண்ணுங்க. பகல்ல ஜன்னல் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும், படம் ஓடுறப்ப பல்பு விட்டு விட்டு எரியுற மாதிரி இருக்கும். ரெண்டு லேம்பையும் இடம் ஒண்ணு வலம் ஒண்ணு, சாய்வா வைங்க. போன் ஸ்க்ரீன்ல விரல அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், ஆப்லயே அதுக்கு செட்டிங் இருந்தா இன்னும் நல்லது. ஃப்ளாஷ் ஆஃப். போன் ஏரோபிளேன் மோட், இல்லன்னா பாதில யாராவது கூப்பிட்டு வைப்ரேட் ஆகி ஃபிரேம் நகந்துடும். ஃபேன நிறுத்தித்தான் ஆகணும், வேற வழியில்ல, வேர்க்கும், பரவால்ல.

ஸ்டெப் 5: தலைகீழா ஷூட் பண்றது

இந்த டுடோரியல்ல முக்கியமான இடம் இதுதான், பொறுமையா படிங்க.

சுத்தி வந்து கடைசில கச்சிதமா கண்ணா நிக்கணும்னா எங்கயோ தொடங்கி அங்க கொண்டு போய் முடிக்க முயற்சி பண்ணக் கூடாது, எவ்ளோ கவனமா பண்ணாலும் கடைசி ஃபிரேம்ல ரெண்டு மில்லிமீட்டர் இடிக்கும். அதனால முழுக் கண்ண முதல்லயே தட்டு மேல ப்ளூ டேக்ல ஒட்டி அடுக்கி வச்சு, அங்க இருந்து பிரிச்சுக்கிட்டே போய் ஷூட் பண்ணிட்டு, அப்புறம் வீடியோவ ரிவர்ஸ் பண்ணிடணும். அனிமேஷன்காரங்க காலங்காலமா பண்ற வேலை இது.

ஆப்ல செகண்டுக்கு 12 படம்னு வச்சுக்கோங்க. நாம எடுக்கப் போறது 72 படம், அதாவது 6 செகண்ட். முழுக் கண்ண ஒரு படம் எடுத்து தனியா வச்சிடுங்க, அப்புறம் தொடங்குங்க. முதல் 12 படத்துக்கு, ஒவ்வொரு தடவையும் தட்ட 2 டிகிரி சுத்தி, ரெண்டு வளைவையும் நடுவுல இருந்து 1 மில்லிமீட்டர் வெளிய தள்ளணும். அடுத்த 24 படத்துக்கு 5 டிகிரி, 2 மில்லிமீட்டர். கடைசி 36 படத்துக்கு 10 டிகிரி சுத்துனா மட்டும் போதும், தள்ள வேண்டாம், ஏன்னா அதுக்குள்ள வளைவுங்க 6 சென்டிமீட்டர் வெளிய போயிருக்கும், இன்னும் தள்ளுனா தட்டு தாண்டிடும். கூட்டிப் பார்த்தா மொத்தம் 504 டிகிரி, ஒண்ணரைச் சுத்துக்கு கொஞ்சம் கம்மி.

ரிவர்ஸ் பண்ணிப் பார்க்கிறப்ப என்ன நடக்கும்னு யோசிங்க: வேகமா சுத்திக்கிட்டு வந்து, வேகம் குறைஞ்சு, மெதுவா மெதுவா வந்து பொருந்தும். அந்த மெதுவாகுற இடம் இல்லன்னா உருவம் வந்து மோதி நின்ன மாதிரி இருக்கும், அழகே போயிடும். இன்னொண்ணு, ரிவர்ஸ் பண்ணா சுத்துற திசையும் மாறிடும், கடிகார முள் போற பக்கம் சுத்தி வரணும்னா நீங்க ஷூட் பண்றப்ப எதிர்ப்பக்கம் சுத்தணும்.

ஒவ்வொரு படத்துக்கும் கை வெளிய வந்துச்சான்னு பாத்துட்டு அழுத்துங்க. போன தொட்டு அழுத்துறதுக்குப் பதிலா இயர்போன் வால்யூம் பட்டன் வேலை செய்யுதான்னு பாருங்க, நிறைய ஆப்ல செய்யும். ஏதாவது ஒரு ஃபிரேம்ல விரல் வந்துட்டா பதற வேண்டாம், அந்த ஒண்ண மட்டும் டிலீட் பண்ணிடலாம்.

ஸ்டெப் 6: ஒண்ணு பலதாகுறது

இப்ப எடிட்டிங். 25 ஃபிரேம் டைம்லைன் ஒண்ணு திறங்க, நம்ம ஊரு டிவி கணக்கு செகண்டுக்கு 25 ஃபிரேம்தான். ஸ்க்ரீன் அளவு 4:3. வீடியோவ போட்டு ரிவர்ஸ், கலர எடுத்துட்டு கான்ட்ராஸ்ட்ட கறுப்பு சுத்தமா கறுப்பாகுற வரைக்கும் ஏத்துங்க, சார்ட் சுருக்கமும் பென்சில் கோடும் தட்டு ஓரமும் எல்லாம் மறையணும். முடிவுல அந்தத் தனியா எடுத்த முழுக்கண் படத்த ஒரு 3 செகண்ட் நிக்க விடுங்க.

அப்புறம் இந்த மொத்தத்தையும் காப்பி பண்ணி மேல இன்னொரு ட்ராக்ல போட்டு 4 ஃபிரேம் தள்ளி வைங்க, அதுக்கு மேல இன்னொண்ணு 8 ஃபிரேம் தள்ளி, இன்னொண்ணு 12 ஃபிரேம் தள்ளி. மேல இருக்கிற மூணுக்கும் பிளெண்ட் மோட் லைட்டன் போடுங்க, கறுப்பு மறைஞ்சு வெள்ளை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா தெரியும், ஒப்பாசிட்டிய (எவ்ளோ அழுத்தமா தெரியணும்ங்கிறத) மேல போகப் போக குறைச்சுக்கோங்க. ரெண்டே வளைவு எட்டு வளைவா பூ மாதிரி விரிஞ்சு சுத்தும், முடிவுக்கு வர வர முதல் காப்பி நின்னுடும், பின்னாடி வர்ற ஒவ்வொண்ணும் அதும்மேல வந்து உக்காரும், எல்லாம் ஒரே கண்ணாயிடும். நாம எதையும் தனியா சேத்து வைக்கல பாருங்க, தள்ளி வச்ச ஃபிரேம்தான் சேத்து வைக்குது. இத முதல் தடவை ப்ளே பண்றப்ப சின்னப் பிள்ளையாட்டம் திரும்பத் திரும்ப ஓட விடுவீங்க, நான் சொல்லல.

ஸ்டெப் 7: சத்தம்

ஒரிஜினல் இசைய எடுத்துப் போடாதீங்க, காப்பிரைட் இருக்கு. தம்புரா ஆப்ல ஒரு ஸ்ருதி, மேல கீபோர்டுல ஷெனாய் டோன்ல நாலு ஸ்வரம் போதும், வீட்டுல யாராவது நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிச்சா இன்னும் விசேஷம். கடைசி ஸ்வரம் வந்து இறங்குற இடத்துல ஒரு மார்க்கர் போட்டு, கடைசி காப்பி பொருந்துற ஃபிரேம அங்க கொண்டு வாங்க. ஒண்ணு ரெண்டு ஃபிரேம் படம் முந்துனா யாருக்கும் தெரியாது, சத்தம் முந்துனா உடனே தெரியும்.

ஸ்டெப் 8: பழைய டிவி லுக், கலர்

இந்த கோடு கோடா ஓடுற எஃபெக்ட், கொசு பறக்குற எஃபெக்ட் எல்லாம் தூக்கி மேல கொட்டாதீங்க ப்ளீஸ். ஸ்டேஷன்ல இருந்து கிளம்புறப்ப ஐடென்ட் சுத்தமாதான் கிளம்புச்சு, இன்னைக்கு நெட்ல பாக்குற அழுக்கெல்லாம் விஎச்எஸ் டேப்போடதும் ஆன்டெனாவோடதும்தான். லேசா ஒரு பிளர், வெள்ளைய சுத்தி துளி க்ளோ, போதும். கலர் காலத்து வெர்ஷன் வேணும்னா இதே வீடியோ மேல ஒரு டின்ட், பின்னாடி ஒரு நீல கிரேடியன்ட்.

ஆசை இருந்தா கூடவே இன்னொரு கார்டும் செஞ்சுக்கோங்க, மங்குன பின்னணில "தடங்கலுக்கு வருந்துகிறோம்". அனிமேஷனே வேண்டாம், சும்மா நிக்கணும், எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ ஒரிஜினல்.

வீடியோவ நெட்ல ஏத்துறப்ப தலைப்புலயே "நானே செஞ்ச மறு உருவாக்கம்"னு போட்டுடுங்க, லோகோ பிரசார் பாரதியோடது, வியாபாரத்துக்கோ சொந்த சேனல் லோகோவாவோ எடுத்துக்க முடியாது. உங்க சேனலுக்கு வேணும்னா இதே தட்டுல உங்க சொந்த உருவத்த வெட்டி வைங்க, சுத்துறப்ப எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் பொருந்துற உருவமா தேடுங்க, எழுத்த வச்சு தொடங்குனா பாதிச் சுத்துல தலைகீழா நிக்கும். செஞ்சவங்க லிங்க கீழ கமென்ட்ல போடுங்க, எந்த ஸ்டெப்ல மாட்டிக்கிட்டீங்கன்னும் சொல்லுங்க, பாத்து சொல்றேன்.