கைக்குழந்தைக்கு ராப்பகல் பழக்குவது எப்படி?

"பகலெல்லாம் தூங்குது, ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்குது." பாலக்கோட்டிலிருந்து ஓசூர் வரை, பிள்ளை பெற்ற வீடுகளில் கேட்கிற பேச்சு இது. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் ரத்தத்திலிருந்த மெலடோனின் என்ற, இருட்டில் சுரக்கும் தூக்க ஹார்மோன்தான் குழந்தைக்கும் இரவை அறிவித்தது. பிறந்ததும் அது நின்றுவிடுகிறது. குழந்தையின் உடம்பிலேயே இரவில் அது சுரந்து, உடல் கடிகாரம் ஓரளவு நிலைப்பட ஏறக்குறைய 2, 3 மாதம் ஆகும். அதுவரை வெளிச்சத்தை வைத்து நாம் கைகொடுக்கலாம்.

படி 1: காலையில் ஜன்னல் திரையை விலக்குங்கள். காற்று படக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்தால் சண்டை வேண்டாம். கண்ணாடிக் கதவைச் சாத்தியே வைத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுங்கள். நேர் வெயில் கூடாது. பகலில் குழந்தை தூங்கும்போது அறையை இருட்டாக்காதீர்கள், குக்கர் விசிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: ராத்திரியில் டியூப்லைட் வேண்டாம். பல வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி அப்பா வருவார், லைட்டைப் போட்டு ஆசையாகத் தூக்கிக் கொஞ்சுவார். குழந்தைக்கு அப்போதே விடிந்துவிடும்! வெள்ளை வெளிச்சத்திலும் செல்போன் திரையிலும் உள்ள நீலக் கதிர்கள்தான் கடிகாரத்தை அதிகம் குழப்புகின்றன. மங்கலான மஞ்சள் பல்பு ஒன்றைக் கண்ணில் படாதபடி கட்டிலுக்குக் கீழே வையுங்கள். பால் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அந்த வெளிச்சத்திலேயே, பேச்சில்லாமல் நடக்கட்டும். காலையில் அப்பா வீட்டில்தானே இருப்பார். கொஞ்சலை ஜன்னலோரத்தில் அப்போது வைத்துக்கொள்ளலாம்.

படி 3: இரவுத் தாய்ப்பாலில் மெலடோனின் உண்டு, பகல் பாலில் மிகக் குறைவு. பாலை எடுத்து வைக்கும் அம்மாக்கள் பாட்டிலில் நேரத்தை எழுதி, முடிந்தால் பகல் பாலைப் பகலிலேயே கொடுங்கள். பால் குறைவாக இருந்தால் நேரம் பார்க்கவே வேண்டாம். முதல் வாரங்களில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ராத்திரியிலும் பால் வேண்டும். தூக்கத்துக்காக அதைக் குறைக்காதீர்கள்.

படி 4: அப்புறம், தினமும் ஒரே வரிசை: உடம்பு துடைப்பது, பால், தாலாட்டு, தூக்கம்.

மொத்தத் தூக்கம் முதல் 3 மாதங்களில் 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைமாதக் குழந்தைக்கு ராப்பகல் பிடிபட இன்னும் நாளாகலாம். ஆனால் எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அது ராப்பகல் குழப்பம் என்று விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.