என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகுமுன்: புதிய திட்ட அலுவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளியில் இந்த வருஷம்தான் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) திட்ட அலுவலர் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர் ஒருவர், தன் ஏழு நாள் சிறப்பு முகாமின் நிகழ்ச்சி நிரலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டார். முதல் நாள் கோயில் வளாகத் தூய்மை. இரண்டாம் நாள் தொடக்கப்பள்ளிக்கு வெள்ளையடிப்பு. மூன்றாம் நாளுக்கு நேரே "கண்மாய்க் கரையில் புதர் அகற்றுதல்" என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் போன் செய்தேன்.

"அந்தக் கரையில என்ன புதர் இருக்கு சார்?"

"தெரியலையே சார். போய்த்தான் பாக்கணும்."

பொறுப்பேற்ற புதிதில் நானும் இதே வரியை எழுதியவன். வருஷா வருஷம் புதிதாக வருகிற யாராவது ஒருவர் அதை அப்படியே எழுதுகிறார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தொப்பி, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை மறந்தால் முதல் நாளே தெரிந்துவிடும், சரி செய்துவிடலாம். நாம் பந்தலைப் பிரித்துவிட்டுக் கிளம்பிய பிறகு ஊர்க்காரர்கள் தலையில் விழுகிற தவறுகள் வேறு.

ஊரைக் கேட்காமல் வேலையை எழுதுவது

2017-ஆம் வருஷம். சீமைக் கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் அதே பேச்சாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த வேகம் தொற்றியிருந்தது. காலாண்டு விடுமுறையில் முகாம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஊராட்சிச் செயலரிடம் போனில் சொன்னேன், "தாராளமா வாங்க சார்" என்றார். அதோடு கேட்டு முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து மாணவர்கள். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள். கரையின் வெளிச்சரிவில் கருவேலம் அங்கங்கே நின்றது. அதற்கு நடுவே இடுப்புயரத்துக்கு வேறொரு செடி அடர்த்தியாக இருந்தது. கருவேலத்தை வேரோடு எடுப்பது லேசான வேலையில்லை. முள் குத்திக் குத்திப் பிள்ளைகள் சலித்துப்போனார்கள். முள் குத்திய கை முள்ளில்லாத செடியைத்தான் தேடும். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் கருவேலம் பாதி அப்படியே நிற்க, அந்த மற்றச் செடி நூறு மீட்டர் நீளத்துக்கு வேரோடு போயிருந்தது. நானும் கூடவே நின்றேன். நான் வணிகவியல் ஆசிரியர். எனக்கு அது புதராகத்தான் தெரிந்தது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, வெட்டிய பிறகு ஒரு போட்டோ எடுத்து அறிக்கையில் ஒட்டினேன். கரை பளிச்சென்று இருந்தது.

அன்று சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கொப்பை எடுத்து, இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பக்கத்திலிருந்த பையனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன வாசனைன்னு தெரியுதா தம்பி?"

அவன் முகர்ந்துவிட்டு, "சளி பிடிச்சா எங்க அம்மா ஆவி பிடிக்கப் போடுவாங்களே, அது" என்றான்.

"நொச்சி. இதையும் சேத்துல்ல வெட்டிப்புட்டீக."

அவர் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அதை ஒரு பாட்டியின் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேனே தவிர, அதில் இருந்த தகவலை எடுத்துக்கொள்ளவில்லை. நொச்சியை ஆடுமாடு கடிப்பதில்லை. வேலி போடாமல், காவல் இல்லாமல் கரையில் நிற்கக்கூடிய செடி. வேர் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதன் மிலாறில், அதாவது மெல்லிய குச்சிகளில், கூடை முடைவார்கள். தானியத்தில் பூச்சி விழாமல் இருக்க இலையைப் போட்டு வைப்பார்கள். அந்தக் கரையில் அது தானாக முளைத்ததில்லை, முன்பு ஒரு தடவை கரை சரிந்த பிறகு ஊரே நட்டது என்பதை மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சிப் பெரியவர் பிறகு சொன்னார். பிறகு என்றால், எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

காலாண்டு விடுமுறை எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். அதாவது கரையின் மேல்மண்ணைக் கடப்பாரை போட்டுக் கிளறி, பிடித்திருந்த வேரையும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் மழைக்குக் கொடுத்தோம். வருஷத்தில் அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஐப்பசியில் ஒரு ராத்திரி பெய்த மழையில் நாங்கள் சுத்தம் செய்த அந்த நூறு மீட்டரும் ஓடை ஓடையாக அரித்தது. மடைக்குப் பக்கத்தில் கரையின் ஒரு பகுதி சரிந்து இறங்கியது. ஊர் ஆண்கள் பெண்கள் எல்லாரும் விடிய விடிய உரச்சாக்கில் மண் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். கரை உடையவில்லை. ஆனால் அந்த ராத்திரி அவர்கள் பட்டது நாங்கள் செய்துவிட்டு வந்த சேவையால். மறுநாள் ஊராட்சிச் செயலர் போனில் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "உங்க பசங்க கஷ்டப்பட்டுத்தான் சார் செஞ்சாங்க" என்றார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. என் முகாம் அறிக்கையில் அதே இடம் "சிறப்பாகச் சீரமைக்கப்பட்டது" என்று இருக்கிறது.

அதனால்தான் இதை யாராவது திரும்பச் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால் பொறுக்க முடிவதில்லை. செடி பெயர் தெரியாதது தவறு இல்லை. தெரிந்தவர்கள் ஐம்பதடி தூரத்தில் இருக்கும்போது கேட்காமல் வெட்டியதுதான் தவறு.

சரி, கேட்பது என்றால் எப்படி? செயலரிடம் போனில் அனுமதி வாங்குவது கேட்பது ஆகாது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி கிராம சபைக் கூட்டம் நடக்கும். முகாமுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் அவகாசம் இருக்கும். பள்ளியில் கொடியேற்று முடிந்ததும் நான்கைந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். பேச வேண்டாம், கேளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். அப்புறம் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள். கரையிலும் வாய்க்காலிலும் வருஷம் முழுக்க மண் அள்ளுகிற பெண்களுக்குத் தெரியாத மண் அந்த ஊரில் இல்லை.

காலனிக்குப் போங்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன். ஊர்த் தெருவில் நாலு பெரியவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் வேலையெல்லாம் கோயிலையும் மந்தையையும் சுற்றியே அமையும். ஏழு நாளும் காலனிப் பக்கம் ஒரு மண்வெட்டியும் போகாது. பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். அங்கிருந்து படிக்க வருகிற பிள்ளை நம் குழுவிலேயே இருப்பான்.

கண்மாயில் கை வைப்பதாக இருந்தால் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்றும் பாருங்கள். அதன் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் அனுமதி வேண்டும்.

எல்லாரிடமும் "என்ன செய்யட்டும்?" என்று கேட்பது நம் வழக்கம். விருந்தாளியிடம் வேலை சொல்லக் கூச்சப்பட்டு, "எதையாச்சும் செய்யுங்க சார்" என்பார்கள். "எதைத் தொடக் கூடாது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் யோசிப்பதே இல்லை, மளமளவென்று சொல்வார்கள். அந்த மரத்தடியில் சாமி இருக்கிறது, இந்தக் கோரை பாய்க்கு அறுக்கிறது, அந்தக் கல் மழைத் தண்ணீரைத் திருப்ப வைத்தது. இரண்டு பக்கம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்த பிறகு நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்யுங்கள்.

குப்பையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வருவது

பிளாஸ்டிக் பொறுக்கும் வேலையில் பிள்ளைகள் அசத்திவிடுவார்கள். ஒரே காலையில் முப்பது மூட்டை சேரும். அந்த முப்பது மூட்டையும் எங்கே போகும் என்பதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். பேசாவிட்டால் சாலையோரம் கிடக்கும், நாய் கிழிக்கும், ஒரு வாரத்தில் யாராவது தீ வைப்பார்கள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் சேர்த்து எரித்ததுதான் மிச்சம்.

ஊராட்சியின் தூய்மைக் காவலர்களை முந்தின நாளே பாருங்கள். அவர்கள் வண்டி எப்போது வரும், எதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், எவ்வளவு ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஐந்து மூட்டைதான் என்றால் ஐந்து மூட்டைதான் பொறுக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஒரு நாள் செய்கிற வேலையை அவர்கள் தினமும் செய்கிறார்கள். நிறைவு விழாவில் முதல் பொன்னாடை அவர்களுக்குப் போகட்டும்.

மரக்கன்று

தண்ணீர் ஊற்றப்போகிறவர் பெயரை நோட்டில் எழுதாமல் குழி தோண்டாதீர்கள்.

பையன்களுக்கு மண்வெட்டி, பெண்களுக்குத் துடைப்பம்

யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாக நடந்துவிடுகிறது. முதல் நாள் காலையில் கருவிகளைக் குவியலாகப் போட்டு "எடுத்துக்கோங்க" என்றால் பையன்கள் ஓடிப்போய் மண்வெட்டியை எடுப்பார்கள். மூன்றாம் நாள் சமையலுக்குக் காய் நறுக்கப் பெண் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். கூட வருகிற ஆசிரியைக்கும் அதே கதி. முதல் நாள் ராத்திரியே குழுக்களைப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எந்த நாள் எந்த வேலை என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு பையன் இருபத்தைந்து பேருக்கு வெங்காயம் உரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க அம்மா டெய்லி இதப் பண்றாங்க சார்" என்றான். நான் எடுத்த எந்த வகுப்பிலும் அவன் அப்படிப் பேசியதில்லை.

மணிக்கணக்கை எழுதி நிரப்புவது

ஒரு தொண்டருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240. அதன் பேரில்தான் சான்றிதழ். பிளஸ் டூ வந்துவிட்டால் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரியில் விழித்துக்கொண்டு பதிவேட்டை எடுத்தால் அறுபது மணி நேரம் குறையும். உடனே ஒரு பேரணி மூன்று மணி, ஒரு உறுதிமொழி இரண்டு மணி என்று பேனா ஓட ஆரம்பிக்கும். செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். நாள், 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் இது தொடங்கிய நாள். அன்றைக்குக் கேக் வெட்டியதற்கும் நான்கு மணி நேரம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் குத்திக்கொள்கிற பேட்ஜில் கோனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம் இருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. அதை நெஞ்சில் குத்தி விட்டு, செய்யாத மணிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கக் கூடாது. ஜூலையிலிருந்தே சனிக்கிழமைகளில் அந்த 120 மணி நேரம் வருகிற மாதிரிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முகாம் நாட்களுக்கான கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. வேலை முடிந்த இடத்திலேயே நோட்டை எழுதச் சொல்லுங்கள். யாருக்காவது மணி குறைந்தால் குறைந்ததாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவது

கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது, முழங்கால் ஆழம் என்றாலும் கூடாது.

முதியோர் இல்லத்தில் போட்டோ

கேட்டுவிட்டும் எடுக்காதீர்கள்.

முகாமோடு ஊரை முடித்துக்கொள்வது

தத்தெடுத்த கிராமம் என்று பேனரில் எழுதுகிறோம். ஏழாம் நாள் சாயங்காலம் நிறைவு விழா, சாமான்களை வேனில் ஏற்றியதும் தத்து முடிந்துவிடுகிறது. முகாம் நாட்களுக்குள் அக்டோபர் 2 வந்தால் அன்றைய கிராம சபையில், நாம் என்ன செய்தோம், எது பாதியில் நிற்கிறது என்று ஒரு மாணவர் எழுந்து சொல்லட்டும். மழை முடிந்ததும் தையில் ஒரு சனிக்கிழமை திரும்பப் போய்ப் பாருங்கள். பஸ் கட்டணம்தான் செலவு.

2018 தையில் நாங்கள் அந்தக் கண்மாய்க் கரைக்குத் திரும்பப் போனோம். போவதற்கு எனக்குத் தயக்கமாக இருந்தது. அதே பாட்டியைத் தேடிப் பிடித்தோம். அவர் தன் கொல்லையிலிருந்து நொச்சிப் போத்துகளை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். செங்குத்தாகக் குத்தப்போன பையனின் கையைப் பிடித்து, "சாச்சு வைய்யி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள இருக்கணும்" என்று காட்டினார். அந்த மழையில் சரிந்திருந்த இடத்திலிருந்துதான் நடத் தொடங்கினோம். ஈரம் இன்னும் மிச்சம் இருந்ததால் முக்கால்வாசி தழைத்தது. தழையாத இடங்களில் அடுத்த வருஷம் வந்த பிள்ளைகள் நட்டார்கள். ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் காலையில் அங்கே நிறுத்தி, ஆளுக்கொரு இலையைக் கசக்கி முகரச் சொல்கிறேன். பக்கத்து ஊர் ஆசிரியரையும் தன் பிள்ளைகளோடு வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.