தபாலில் நட்பு பிடிப்பது எப்படி: முகம் தெரியாதவருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர்

வாட்ஸப்பில் நொடியில் போகிற செய்தியை விட்டுவிட்டு எதற்கு இந்தக் கார்டும் கவரும் என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர்களை மாற்றுவது என் வேலை இல்லை. மனதில் ஒன்று கிடந்து உறுத்துகிறது, வீட்டில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, அப்புறம்?" என்கிறார்கள், ஆபீசில் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்று இருக்கிறீர்களா, உங்களுக்குத்தான் இது. நான் பதினாறு வருடமாக எழுதுகிறேன். முப்பது பேருக்காவது எழுதிப் பார்த்திருப்பேன். நிலைத்தது நான்கு பேர். அந்த நான்கு பேருக்குத் தெரிந்த அளவுக்கு என்னை என் தெருவில் யாருக்கும் தெரியாது.

யாருக்கு எழுதுவது என்பதுதான் முதல் சிக்கல். முன்பெல்லாம் பத்திரிகைகளிலேயே பேனா நண்பர்கள் பகுதி வரும்: பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாதிப் பேர் "பேனா நட்பு" என்றே போட்டிருப்பார்கள், அது ஒரு தனிக் காமெடி. வானொலி இன்னொரு வழி. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் ஊர் ஊராக அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன, நிலையத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் நாளடைவில் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். இப்போது போஸ்ட்கிராசிங் இருக்கிறது. 2005-இல் போர்ச்சுகலில் ஆரம்பித்த திட்டம் அது. உங்களுக்கு எங்கோ ஒரு நாட்டு முகவரி வரும், அவருக்கு ஒரு கார்டு அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்ததும் வேறொருவர் உங்களுக்கு அனுப்புவார். நல்ல பழக்கம்தான், ஆனால் பெரும்பாலும் கார்டு வந்ததா வந்தது என்பதோடு முடிந்துவிடும், நட்பாவது அபூர்வம்.

என்னைக் கேட்டால், பாதி தெரிந்தவர்களிலிருந்து தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார், மாற்றலாகிப் போன பழைய பக்கத்து வீட்டுக்காரர், ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு அப்புறம் பார்க்கவே பார்க்காத உறவுக்காரர். முகவரி விசாரித்து வாங்கிவிடலாம். திடீரென்று உங்களிடமிருந்து கடிதம் வந்தால் அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்குமே தவிர பயமாக இருக்காது. முன்பின் தெரியாதவருக்கு எழுதினால் அந்தப் பயத்தைப் போக்கவே இரண்டு கடிதம் செலவாகும்.

முதல் கடிதத்தில் பயோடேட்டா வேண்டாம். "என் பெயர் இன்னார், இன்ன படிப்பு, இன்ன வேலை, எனக்கு இசை பிடிக்கும்" என்று எழுதினால் எதிராளி என்னதான் பதில் எழுதுவார், அவரும் தன் பயோடேட்டாவைத்தான் அனுப்புவார். அந்த வாரம் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். நான் ஒருமுறை, மின்சாரம் போன ராத்திரியில் மாடியில் படுத்திருந்தபோது கீழ்வீட்டுத் தாத்தா தனியாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததை எழுதினேன், பதினாறாம் வாய்ப்பாடு, நடுவில் தப்பு விட்டு மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் கடிதம். பதில் மூன்று பக்கம் வந்தது. ஒரு கேள்வியும் இருக்கட்டும், ஆனால் ஒன்றுதான். ஐந்து கேள்வி கேட்டால் அது விண்ணப்பப் படிவம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே பிசிராந்தையாரைக் கூப்பிடாமல் யாரும் விடுவதில்லை, பார்க்காமலே நட்பு, உறையூர்ச் சோழனோடு வடக்கிருந்தார், எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. வயதாகியும் ஏன் உங்களுக்கு நரைக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆவது பாட்டாக இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். மனைவி எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலைக்காரர்கள் எப்படி, ராஜா எப்படி, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டு விஷயத்தையும் ஊர் விஷயத்தையும் ஐந்தாறு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார். தத்துவமெல்லாம் இல்லை. அப்படித்தான் எழுத வேண்டும்.

கார்டா, இன்லேண்டா, கவரா? கார்டு 50 காசு, தபால்காரரிலிருந்து மாமியார் வரை எல்லோரும் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். இன்லேண்ட் என்பது தாளையே மடித்து ஒட்டி அனுப்புவது, 2 ரூபாய் 50 காசு, ஆரம்பிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், இடம் குறைவு என்பதால் வளவளவென்று போகாது. மடிப்பு ஓரத்தில் மட்டும் எழுதாதீர்கள், பிரிக்கும்போது கிழிந்துவிடும், முக்கியமான வார்த்தை சரியாக அங்கேதான் இருக்கும். உள்ளே எதையும் வைக்கவும் கூடாது. கவர் 20 கிராம் வரை 5 ரூபாய். ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் கவரோடு சேர்த்து மூன்று தாள் தாங்கும், அதற்கு மேல் போனால் கவுண்டரில் எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். நான் ஆறு தாள் எழுதி 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். என் சோகக் கதையைப் படிக்க அந்த மனிதர் காசு கொடுத்திருக்கிறார். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, தபால்காரர் சொல்லித்தான் தனக்கே விஷயம் தெரியும் என்று ஒரு வருடம் கழித்து அவர் தம்பி சொன்னார்.

ஒட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது உங்களிடம் இருக்காது, பதில் வர மூன்று வாரம் ஆகும், இது எவ்வளவு பெரிய தலைவலி என்று பட்டால்தான் தெரியும். எனக்கு ஒருமுறை ஒரு பதில் வந்தது, முதல் வரியே "ஆமாம், நானும் அதைச் செய்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை." எதை? நான் என்ன எழுதினேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், நினைவே வரவில்லை. கேட்கவும் முடியவில்லை. அவர் மனதைத் திறந்து சொன்ன விஷயம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதில் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தேனிப் பக்கம் ஒரு டீச்சர், நான் அக்கா என்றுதான் எழுதுவேன். ஒருமுறை ஒரு இன்லேண்ட் வந்தது: தோட்டத்தில் முருங்கை காய்த்திருக்கிறது, பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம், இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன், அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பெல் அடிக்காது. நான் பஸ்ஸில் படித்துவிட்டு அன்றைக்கே பதில் போட்டேன், "இனிமேல் உங்களுக்கு என்ன அக்கா, ஜாலிதான்!" இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு கார்டு. அதில் ஒரே வரி: "ஜாலி என்றால் என்ன என்று ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள் தம்பி."

பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முருங்கையையும் பிரசவத்தையும் படித்த வேகத்திலேயே அந்தக் கடைசி வரியையும் படித்துத் தாண்டியிருக்கிறேன். ஆறுதல் சொல்லலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு நாள் உழன்றுவிட்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: "கடைசிப் பெல் எத்தனை மணிக்கு அடிக்கும் அக்கா? அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்?" ஒரு வாரத்தில் கவர் வந்துவிட்டது, உள்ளே மூன்று தாள். நாலு பத்துக்கு அடிக்குமாம். இப்போதும் நாலு பத்துக்கு எழுந்து நின்றுவிடுகிறாராம், நின்ற பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று தெரிகிறதாம், யாரும் பார்ப்பதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்த மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவாராம்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது. வந்த கடிதத்தை அன்றைக்கு ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை படிப்பேன். எந்த வரியைப் பேச்சுவாக்கில் சொல்வதுபோல் எழுதியிருக்கிறாரோ அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பதிலை அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன், முருங்கைக்காயெல்லாம் பின்னால். கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும், இதெல்லாம் சகஜம் என்கிற மூன்றையும் எழுதுவதே இல்லை. யோசனை சொல்வதும் கேட்டால் மட்டும்தான். எழுத்தில் குரல் கேட்காது, கிண்டல் குத்தலாகத்தான் போய்ச் சேரும், தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்து திருத்தி எழுதுவதற்குள் இரண்டு கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய் இன்னும் குழப்பும். சந்தேகமிருந்தால் அந்தக் கிண்டல் வரியை எடுத்துவிடுங்கள்.

பதில் வரவில்லையா? ஒரு மாதம் பொறுத்து ஒரு கார்டு போடுங்கள், "ஏன் எழுதவில்லை" என்று கேட்காமல் வேறு ஏதாவது எழுதி. இன்னும் இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு என்ன நேரமோ. எனக்கு ஒருவர் நான்கு வருடம் கழித்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் எழுதியிருக்கிறார், நானும் எதுவும் கேட்கவில்லை.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்கள் வீட்டு முகவரியைத் தராமல் ஆபீஸ் முகவரியைக் கொடுக்கலாம், இல்லையென்றால் தலைமைத் தபால் ஆபீசில் தபால் பெட்டி எண் வாடகைக்கு எடுக்கலாம். மூன்றாவது கடிதத்திலேயே போட்டோ கேட்பவர், அவசரமாகப் பணம் கேட்பவர், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பவர், இவர்களுக்கெல்லாம் பதில் போடாதீர்கள், விளக்கம்கூடக் கொடுக்க வேண்டாம். பின்கோடின் ஆறு எண்ணையும் தெளிவாக எழுதுங்கள், அனுப்புநர் முகவரியை மறக்காதீர்கள். தபால் ஆபீஸ் பசைக் கிண்ணத்தை நம்பாமல் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போவது நல்லது, பாதி நாள் அது காய்ந்துதான் கிடக்கிறது.

நேரில் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அந்த அக்காவைப் பார்க்கவே எனக்கு ஒன்பது வருடம் ஆனது. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, வெயில் ஜாஸ்தி இல்லையா, காபியில் சர்க்கரை போதுமா என்பதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார், நல்லா இருக்காங்க அக்கா என்றேன், அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பி அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. அப்படியே பஸ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு பத்து ஆனபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம், அவர் சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார், என் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டியது. "போஸ்ட் பண்ணத்தான் கொண்டுவந்தேன் தம்பி, இப்பவே கையில குடுத்திடட்டுமா?" என்றார். வேண்டாம் அக்கா, பெட்டியிலேயே போட்டுவிடுங்கள் என்றேன். வாசலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெட்டி இருந்தது. போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியின் வாயில் கையை விட்டு ஒரு தட்டுத் தட்டினார். நாலாம் நாள் வந்து சேர்ந்தது.