ரிஜெக்ட் பெட்டியில் கை விட்டுப் பாருங்கள்

கோவைப் பக்கம் ஒரு ஐடிஐ-யில் டர்னர் டிரேடுக்கு, அதாவது லேத் மெஷினில் உலோகம் கடையும் தொழிலுக்கு, பயிற்றுநராக இருக்கிறேன். "நாம் சொல்லிக் கொடுப்பதும் கம்பெனிக்காரர்கள் கேட்பதும் எப்படிங்க சேரும்?" என்று புதிதாக வேலைக்கு வரும் பயிற்றுநர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு டீக்கடையில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன திறன் வேண்டும் என்று கேட்டு கம்பெனிகளுக்கு ஃபாரம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். நாற்பது கம்பெனிக்குப் போனதில் ஆறு திரும்பி வந்தது. ஆறிலும் ஒரே பதில்: ஒழுக்கம், ஆர்வம், கம்யூனிகேஷன். இதை வைத்து லேத்தில் என்ன சொல்லிக் கொடுப்பது? நிரப்பியவர்கள் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள், மெஷின் பக்கம் அதிகம் வராதவர்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, கேட்ட இடம்தான் தப்பு.

மதியம் ஷிப்ட் மாறும் நேரத்துக்குப் போங்கள். சூப்பர்வைசரைப் பிடியுங்கள். "எந்த மாதிரி ஆள் வேணும்?" என்று கேட்டால் அவரும் ஒழுக்கம் என்றுதான் ஆரம்பிப்பார். "புதுசா வந்த பையன் போன வாரம் எதைக் கெடுத்தான்?" என்று கேளுங்கள். முகமே மாறிவிடும். அளவு தப்பி ஒதுக்கிய பீஸ்களைப் போடும் ரிஜெக்ட் பெட்டிக்கு நேராகக் கூட்டிப் போவார்.

எனக்கு அது நடந்தது கோவை கணபதியில், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் போடும் ஒரு பட்டறையில். "உங்க பசங்க புரோகிராம் எல்லாம் நல்லாத்தான் போடறாங்க. அளக்கத் தெரியலைங்களே" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். எனக்குச் சுருக்கென்றது, அளப்பது முதல் வருடப் பாடம் ஆயிற்றே. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தோம்.

பேரிங் உட்காரும் இடம். டிராயிங்கில் 25 கே6. அதாவது விட்டம் 25.002 மி.மீ.-க்கும் 25.015 மி.மீ.-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்தமே 13 மைக்ரான் இடைவெளி (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதைப் பையன் மெஷினிலிருந்து சூட்டோடு எடுத்து அளந்து ஓகே சொல்லியிருக்கிறான். 25 மி.மீ. ஸ்டீல் நாற்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11 மைக்ரான் விரியும். ஆறியதும் அளவு கீழே போய்விட்டது. எங்கள் ஐடிஐ-யில் ஒரு ஜாப்புக்கு, அதாவது செய்து முடிக்க வேண்டிய ஒரு பீஸுக்கு, அரை நாள் கிடைக்கும். ஆற வைத்து, டீ குடித்து, அப்புறம் அளப்போம். அதனால் இந்தத் தப்பு எங்களிடம் வெளிப்பட வாய்ப்பே இல்லை.

இன்னொரு குவியல் ஆஃப்செட் தப்பு. டூல் தேய்வதற்கு ஏற்ப மெஷினில் கொடுக்கும் திருத்த எண்தான் வேர் ஆஃப்செட். விட்டம் 0.05 மி.மீ. கூடுதலாக வந்தால் அதில் மைனஸ் 0.05 போட வேண்டும். சிலர் பிளஸ் போட்டிருந்தார்கள். சிலர் ஆரக் கணக்கு என்று நினைத்துப் பாதியாக்கிப் போட்டிருந்தார்கள். பிறகு எக்ஸ்போர்ட் வேலை பார்க்கும் வேறொரு இடத்தில் மூன்றாவது வகை கிடைத்தது. நாம் டிராயிங் சொல்லிக் கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிளில், வலப்பக்கத் தோற்றத்தை இடது பக்கம் வரையும் முறை. அமெரிக்க ஆர்டருக்கு வரும் டிராயிங் தேர்ட் ஆங்கிளில் இருக்கும், அதில் வலப்பக்கத் தோற்றம் வலது பக்கமே வரும். மூலையில் உள்ள சின்னத்தைப் பார்க்காமல் ஒருவன் பக்கவாட்டுத் தோற்றத்தை மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க ஓட்டியிருக்கிறான்.

இப்படி ஐந்து பட்டறையாவது போய்விட்டு வாருங்கள். மூன்று இடத்திலாவது திரும்ப வந்த தப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி சொன்னதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். "லோடு பண்ண, பட்டன் அழுத்தத் தெரிஞ்சாப் போதும், மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். அவருக்குப் போதும்தான். ஆனால் அந்தப் பையன் இரண்டு வருடம் படிப்பது அவர் ஒருவருக்காக அல்ல.

சரி, பாடத்திட்டத்தில் கை வைக்க முடியுமா? முடியாது. அது டெல்லியில் தீர்மானமாவது, தேர்வும் அகில இந்தியத் தேர்வு. ஆனால் ஒரு திறனைப் பழக்க எந்த ஜாப்பை ஓட்டுகிறோம் என்பதில் நமக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஒரே கம்பியைப் படிப்படியாக வெவ்வேறு விட்டத்துக்குக் கடையும் ஸ்டெப் டர்னிங் பயிற்சிக்கு வழக்கமான டிராயிங்குக்குப் பதில் பம்ப் ஷாஃப்ட் டிராயிங்கைக் கொடுங்கள். கடைசி ஆறு மாதம் பக்கத்தில் கடிகாரம் வையுங்கள். எட்டு நிமிடத்தில் ஒரு பீஸ், சூட்டோடு ஒரு அளவு, ஆறிய பின் ஒரு அளவு, இரண்டையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பசங்களுக்கே புரிந்துவிடும்.

செலவில்லாத பாடம் ஒன்றும் உண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டு இருபது ரிஜெக்ட் பீஸ் வாங்கி வந்து மேசையில் கொட்டுங்கள். "ஒவ்வொன்றும் ஏன் கெட்டது, கண்டுபிடி." நான் எடுத்ததில் இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. வாடிக்கையாளர் பொருள் என்று சில இடங்களில் தர மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-களில் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தொழில் 4.0 வசதிகள், ரோபோ மாதிரி நவீன இயந்திரங்கள், வந்திருக்கின்றன. நல்லதுதான். உங்களிடம் ரோபோ இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் ரோபோவுக்கு முன்னால் மைக்ரோமீட்டர்.

அடுத்து அப்ரெண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு பட்டறையிலேயே வேலை பழகுபவர். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தாக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம் என்பது சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு பகிர்ந்துகொள்ளும் திட்டம் இருப்பதும் தெரியாது. சொல்லிவிட்டு வந்தால் வேலை நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து அப்ரெண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

பையன் வேலையை விட்டுவிட்டான் என்றால் உடனே பயிற்சி போதவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பெனியிலிருந்து என் மாணவர்கள் மூன்று பேர் இரண்டே மாதத்தில் நின்றார்கள். "திறமை பத்தலைங்க" என்றது கம்பெனி. பசங்களிடம் கேட்டால், ஷிப்ட் முடிவது ராத்திரி பத்தரைக்கு, ஊருக்குக் கடைசி பஸ் பத்துக்கு. இதற்கு நான் எந்த டிராயிங்கை மாற்றுவது? ஜெனரல் ஷிப்டில் போடச் சொல்லிப் பேசினோம். அடுத்து போனவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அன்றிலிருந்து என் நோட்டில் ஊர், பஸ் நேரம் இரண்டுக்கும் தனிக் கட்டம் உண்டு.

மூன்று மாதம் கழித்து அதே சூப்பர்வைசரிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். கோடைக்கு முந்தைய மாதங்களில் மட்டும் போகாதீர்கள். பம்ப் சீசனில் நின்று பேச அவருக்கு நேரம் இருக்காது. நாலு மழை பெய்யட்டும், அப்புறம் போனால் டீயும் வாங்கித் தருவார்.