பயத்தைக் கைமாற்றுவது எப்படி? அறியப்படாத திகில் எழுத்தாளர்களைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அக்கா, நல்லாப் பயப்பிடுற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க” என்று மட்டக்களப்பில் ஒருவர் கேட்டால் அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது வாட்ஸ்அப்பில் பத்துப் பெயர்கள். எதை முதலில் எடுப்பது, எந்தக் கதையில் தொடங்குவது, எங்கே தேடுவது என்று அதில் ஒரு சொல்லும் இராது. கேட்டவர் நன்றி சொல்வார். ஒன்றையும் வாசிக்க மாட்டார். புகழ் கிடைக்காத ஓர் எழுத்தாளருக்குப் புதிதாக ஒரு வாசகர் சேர்ந்திருக்க வேண்டிய வாய்ப்பு அத்துடன் போய்விடும்.

பரிந்துரை என்பது ஓர் ஆளைப் பார்த்துச் சொல்வது. கேட்டவருக்கு எந்தப் பயம் பிடிக்கும், எந்தப் பயத்தை அவரால் தாங்க முடியாது என்று தெரியாமல் சொல்லும் பெயர், எவ்வளவு நல்ல பெயராக இருந்தாலும் வீண். மற்ற வகைக் கதைகளில் தவறான பரிந்துரை சலிப்போடு முடிந்துவிடும். திகிலில் அது ஆளைக் காயப்படுத்தவும் கூடும்.

பயத்தின் வகையைக் கேளாமல் விடுவது

‘திகில்’ என்று ஒரே சொல்லால் சொன்னாலும் உள்ளே பல வீடுகள் இருக்கின்றன. பேய் வந்து, ஏன் வந்தது என்ற கதை வெளியாகி, கணக்குத் தீர்வது ஒரு வகை. இங்கிலாந்தின் எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) அந்த வகையின் ஆசான். பழைய ஏடு, பழைய தேவாலயம், தோண்டக்கூடாத இடத்தைத் தோண்டிய படித்த மனிதர் என்று அவருடைய கதைகளில் காரணமும் விளைவும் ஒழுங்காக வரும். அதே நாட்டு றொபேர்ட் ஏக்மன் (1914–1981) நேர் எதிர். தன் கதைகளை அவர் பேய்க்கதைகள் என்றுகூடச் சொல்லவில்லை, ‘விசித்திரக் கதைகள்’ என்றே அழைத்தார். கதை முடியும், விளக்கம் வராது. இரண்டு நாள் கழித்துச் சோறு தின்னும்போது அந்தக் கதை திரும்ப வந்து நிற்கும். எனக்கு இந்த வகைதான் மேல் என்பேன். ஆனால் பின்னேரத்தில் பஸ்ஸில் களுவாஞ்சிக்குடி போகும் வழியில் விறுவிறுவென்று வாசிக்க ஒன்று கேட்பவரிடம் ஏக்மனைக் கொடுத்தால், “முடிவே இல்லையே, பக்கம் கிழிஞ்சிட்டுதா?” என்றுதான் கேட்பார். அவருடைய கேள்வி நியாயமானது. “இவர் கடைசியில் காரணம் சொல்ல மாட்டார், அந்தக் குழப்பத்தோடு இருக்க விருப்பமென்றால் எடுங்க” என்று முன்பே சொல்லியிருந்தால் அதே ஆள் அதே கதையை வேறு கண்ணால் வாசித்திருப்பார்.

வீட்டுக்குள் இருக்கும் பயம் இன்னொரு வகை. மெக்சிகோவின் அம்பாரோ தாவிலா (1928–2020) எழுதிய ‘விருந்தாளி’ என்ற கதை 1959இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பில் வந்தது. கணவன் ஒரு விருந்தாளியைக் கொண்டுவந்து வீட்டில் வைக்கிறான். மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் நடுங்குகிறார்கள். வந்திருப்பது மனிதனா, விலங்கா, வேறேதாவதா என்று கதை கடைசிவரை சொல்வதில்லை. சில பக்கங்களே கொண்ட கதை. பேய்க்கதையே வாசிக்க மாட்டேன் என்கிற பெண்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். வீட்டுக்குள் தன் சொல் எடுபடாத நிலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கதைக்குள் நுழைய எந்த முன்னுரையும் வேண்டாம்.

“ஸ்டீபன் கிங் மாதிரி” என்று சொல்வது

அவசரத்தில் வாயில் வருவது இதுதான். தமிழில் என்றால் புதுமைப்பித்தனின் “காஞ்சனை மாதிரி”. ஒப்பிட்டதுமே வாசகர் அந்தப் பெரிய பெயரைத் தேடிக்கொண்டு உள்ளே போகிறார், அது இல்லாத ஒவ்வொரு பக்கமும் குறையாகத் தெரிகிறது. அறியப்படாத எழுத்தாளரை அறியப்பட்டவரின் சின்னத் தம்பியாக்கி அனுப்பாதீர்கள். அவர் செய்கிற காரியத்தைச் சொல்லுங்கள். “பழைய புத்தகங்களின் தூசிக்குள்ளிருந்து பயத்தை எடுப்பவர்” என்று ஒரே வரியில் சொன்னாலும் அது அவருடைய சொந்த முகவரி.

அறியப்படாதவர் என்பது யாருக்கு?

இணையத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கும் நண்பர்களிடம் அடிக்கடி காணும் பிழை இது. அமெரிக்காவின் ஷேர்லி ஜாக்சனை (1916–1965) “அவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே” என்று தாண்டிப் போய், நூறு பேர்கூடக் கேள்விப்படாத ஒரு பெயரை நீட்டுகிறார்கள். அக்கரைப்பற்றில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற ஒரு பிள்ளைக்கு ஜாக்சனைத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அவர் அறியப்படாத எழுத்தாளர்தான். 1948 ஜூன் 26ஆம் திகதி ‘நியூயோர்க்கர்’ இதழில் வந்த அவருடைய ‘லொத்தர்’ கதையில் பேயே இல்லை. ஓர் ஊர் மக்கள் காலையில் ஒன்றுகூடுகிறார்கள், வழமையாகச் செய்வதைச் செய்கிறார்கள். இதழின் வாசகர்கள் கோபமும் குழப்பமுமாகக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள்.

2011 ஆகஸ்ட்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதம்’ பீதி இலங்கையின் கிழக்கில் ஊர் ஊராகப் பரவிய இரவுகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, ஊரே திரண்டு நிற்கும்போது எழும் பயம் எதுவென்று தெரியும். ஜாக்சனை அவர்கள் வாசிக்கிற விதம் நியூயோர்க்கில் இருப்பவர் வாசிக்கிற விதம் அல்ல. அரிதான பெயரைச் சொன்னால் சொல்பவருக்குப் பெருமை. வாசகருக்கு வேண்டியது அவருக்குப் புதிதான ஒரு நல்ல எழுத்தாளர், அவ்வளவுதான்.

வாசகர் எதைக் கடந்து வந்தவர் என்பதை மறப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது.

இங்கிலாந்தின் அல்ஜெர்னன் பிளாக்வூட் 1907இல் வெளியிட்ட ‘வில்லோ மரங்கள்’ என்ற நீண்ட கதையை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் பெருகிய தன்யூப் ஆற்றில் சிறு படகில் போகிற இரண்டு நண்பர்கள், புதர் மண்டிய ஒரு மணல் தீவில் இரவு தங்குகிறார்கள். புதர்கள் நெருங்கி வருவது போல் தோன்றுகிறது. தீவு கரைந்துகொண்டிருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்துப் பழகியவருக்கும், கண்ணாக் காட்டோரம் இரவில் இறால் பிடிக்கப் போனவருக்கும் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. வெளிநாட்டுக் கதை என்ற எண்ணமே வராமல் வாசிப்பார்கள்.

அதே கதையை மட்டக்களப்புக் கரையோரத்து நாவலடியிலோ திருச்செந்தூரிலோ 2004 டிசம்பர் 26இல் தன் வீட்டாரைப் பறிகொடுத்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டலாமா? இலங்கையில் சுனாமியால் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். கல்முனையிலிருந்து திருக்கோவில்வரை கடற்கரையோரத்தில் யாரிடம் புத்தகம் கொடுத்தாலும், தண்ணீர் ஏறுகிற ஒரு பக்கம் அவருக்கு வெறும் கதையாக இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. கொடுக்கவே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. சிலருக்கு அதைத்தான் வாசிக்க வேண்டும் போல இருக்கும். முடிவு அவருடையது. நாம் செய்ய வேண்டியது, “இதில் தண்ணி ஏறும், ராத்திரி முழுக்க ஏறும்” என்று முதலே சொல்லிவிடுவது. இப்படிச் சொல்வதால் கதை கெடாது. முடிவைச் சொன்னால்தான் கெடும்.

ஆர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கேஸ் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1973இல் பிறந்தவர், இராணுவ ஆட்சி நடந்த 1976–1983 காலத்தில் சிறுபிள்ளை. அந்த ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரில் 8,961 பேரை 1984இன் அரச ஆணைக்குழு அறிக்கை பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. அந்த நாட்டின் பேய்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் என்ரிக்கேஸின் கதைகள் அந்தப் பக்கம்தான் கைகாட்டும். இப்போது இதை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். படுகொலைகள் நடந்த 1990 என்று சொன்னாலே சத்துருக்கொண்டானிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும். கூட்டிக்கொண்டு போன பிள்ளை திரும்பி வராத தாய்மார் படத்தோடு இன்னும் வீதியில் நிற்கிறார்கள். என்ரிக்கேஸை இங்கே வாசிக்கக் கொடுப்பது மிகவும் தேவையான காரியம் என்றே நம்புகிறேன். எங்களுக்கு நடந்ததைத் திகில் கதையாகவும் எழுதலாம் என்று அவர் காட்டித் தருகிறார். ஆனால் மேசையில் போட்டுவிட்டுப் போகும் புத்தகம் அல்ல அது. ஆட்கள் காணாமல் போவதும், சித்திரவதையும், சிறுபிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையும் வரும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். 2016இல் வந்த ‘நெருப்பில் நாம் இழந்தவை’ தொகுப்பின் தலைப்புக் கதை, ஆண்களால் தீயிடப்பட்ட பெண்களைப் பற்றியது. அதையும் சொல்ல வேண்டும்.

ஓராசியோ கிரோகாவும் (1878–1937) அப்படித்தான். உருகுவேயில் பிறந்து ஆர்ஜென்டினாவின் மிசியோனெஸ் காட்டில் வாழ்ந்தவர். ‘கழுத்தறுத்த கோழி’ என்ற அவருடைய கதையில் மனவளர்ச்சி குன்றிய நான்கு ஆண் பிள்ளைகள் வருகிறார்கள்; பெற்றோர் அவர்களை வெறுக்கிறார்கள். அப்படியொரு பிள்ளையை அன்போடு வளர்க்கும் தாயிடம் “சூப்பர் கதை, வாசிச்சுப் பாருங்க மிஸ்” என்று கொடுப்பவர், அந்த மிஸ்ஸை ஒருகணம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

கிரோகாவைப் பற்றி இன்னொன்று. தகப்பன், நண்பன், மனைவி என்று அவரைச் சுற்றிச் சாவுகள் பல. அவரும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதையே விளம்பரமாக்கி “இந்த ஆளின்ட வாழ்க்கையே திகில்” என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது கதையின் பலத்தைச் சொல்லாது, இன்னொருவரின் துயரத்தை வேடிக்கையாக்கும். வேண்டாம்.

ஊர் நம்பிக்கையைத் தவறாகக் கணிப்பது

மட்டக்களப்பென்றால் மந்திரம், போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சு வெளியூரில் இன்னமும் ஓடுகிறது. அதை நம்பி, எங்கள் ஆட்களுக்குச் சூனியக் கதை கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கொத்தியையும் முனியையும் காடேறியையும் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அவை பழகிய அயலவர் மாதிரி. அவரைப் பயமுறுத்துவது வேறெதுவாகவோ இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கோயில் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவரிடம் வாக்குக் கேட்டு ஆறுதல் அடைந்த ஒருவருக்கு, ‘பேய் பிடித்தல்’ பற்றிய கதை கேளிக்கையாகத் தெரியாமல் போகலாம். ஜின் என்பது காத்தான்குடி வாசகருக்கு மார்க்க நம்பிக்கையின் பகுதி. ஜின்னை வெறும் பூதமாக்கி எழுதிய மேல்நாட்டு நாவலை அவருக்குச் சொல்லுமுன், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. நம்புகிறவர்கள் திகில் வாசிக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டி ஒதுக்குவதும் தவறு. அவர்களைவிடக் கூர்மையான வாசகர்கள் இந்த வகைக்கு இல்லை.

எங்கள் எழுத்தாளர்களை விட்டுவிடுவது

புதுமைப்பித்தனோடு தமிழ்த் திகில் முடிந்துபோனது போலப் பேசுகிறோம். கல்முனைப் பக்கத்து உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’யை யாரும் திகில் கதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதில் பேய் இல்லை. ஓர் அரசன் ஊருக்கு வருகிறான். ஆட்சியின் நிழல் ஓர் ஊர்மேல் விழும்போது வரும் குளிர் அந்தக் கதையில் இருக்கிறது. அதைத் ‘திகில்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தால் வாசகர் ஏமாறுவார். இருண்ட கதைகளை விரும்புபவரிடம், இது வேறு வகை என்று சொல்லியே கொடுங்கள். ஈழத்துப் பழைய புத்தகங்களையும் சிற்றிதழ்களையும் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். இப்படிப் பெயரிடப்படாத இருட்டுக் கதைகள் அங்கே கிடக்கின்றன.

கிடைக்காததையும் பெரியதையும் முதலில் கொடுப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டிய, பல ஆயிரம் ரூபா விலையுள்ள புத்தகத்தை மாணவருக்குப் பரிந்துரைத்துப் பயனில்லை. பிளாக்வூட்டின் அந்தக் கதையும் ஜேம்ஸின் 1904ஆம் ஆண்டுத் தொகுப்பும் காப்புரிமை தீர்ந்தவை. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் போனிலேயே இறக்கி வாசிக்கலாம். என்ரிக்கேஸின் தடித்த நாவலில் தொடங்கச் சொல்லாதீர்கள், சிறுகதையில் தொடங்கச் சொல்லுங்கள். எழுத்தாளர் ஒருவர், கதை ஒன்று. அதற்குமேல் முதல் நாளில் வேண்டாம்.

பிறகு கேட்டுப் பாருங்கள். “முடிச்சீங்களா?” என்று கேட்டால் வாசிக்காதவர் கூச்சப்படுவார். “எந்த இடத்தில நிப்பாட்டினீங்க?” என்று கேட்டால் பேசத் தொடங்குவார். ஏக்மனின் முடிவு எரிச்சல் தந்தது என்றால் அடுத்து ஜேம்ஸ். இரத்தம் கூடிப்போனது என்றால் தாவிலா. இங்கிலீசு கடினமாக இருந்தது என்றால் ஜாக்சனின் அந்தச் சிறுகதை. அவருடைய வசனங்கள் ஓ.எல். (சாதாரண தர) இங்கிலீசோடு வாசிக்கக்கூடிய அளவுக்கு எளிமையானவை. ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பித் தந்தால் வற்புறுத்தாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.